மரையண்ணனுக்குக் கேட்காத டிக்

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் மரை. சக்கரத்தைக் கழற்றியதும், அதைப் பிடித்து நிற்கும் ஸ்டட் என்னும் தடித்த திருகாணியின் மரையைக் கம்பி பிரஷால் தேய்ப்பார், துணியால் துடைப்பார், நட்டை வெறும் விரலால் அடிவரை சுற்றிப் பார்ப்பார். பிறகுதான் கருவியைத் தொடுவார். மற்றவர்கள் இரண்டு வண்டி முடிக்கும் நேரத்தில் அவருக்கு ஒன்று முடியும். இந்த ஆளுக்கு மரைமேல் பைத்தியமா, இல்லை மரை கழண்ட பைத்தியமா என்று முதல் வாரத்திலேயே யாரோ கேட்டுவைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் அதோடு ஒரு அண்ணன் மட்டும் சேர்ந்தது.

அங்கே வேலை எல்லாம் கேரவன்களுக்குத்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடுகள். உள்ளே போடும் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். அத்தனை குடித்தனமும் இரண்டு சக்கரத்தில் பத்து நட்டுமேல் நிற்கிறது என்பது மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. காரின் நட்டு தளர்ந்தால் கையிலிருக்கும் ஸ்டியரிங் நடுங்கிச் சொல்லிவிடும். கேரவன் பின்னால் வருவது. அதன் சக்கரம் தன்னைத் தாண்டி ஓடும்போதுதான் பல பேருக்குத் தெரியவரும்.

அதனால் காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னால் அடித்துவிட்டு மரையண்ணன் எழுந்துவிட மாட்டார். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால்தான். வேண்டிய அளவை அதில் வைத்து இழுத்தால், அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், உள்ளங்கையில் ஒரு சின்ன உதறல். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். குறைந்தால் நட்டு கழலும். கூடினால் ஸ்டட் நீளும். நீண்ட ஸ்டட் பிடிப்பை இழந்து, ஒருநாள் ஓட்டத்தில் ஒடியும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே விஷம், இது வெறும் இரும்பு என்பார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பக்கத்தில் குந்திக்கொள்வாள். ரெஞ்ச் டிக் என்றதும் அவளும் "டிக்" என்பாள். ஒன்று பிசகினாலும் மறுபடி இழுக்கச் சொல்லி அடம்பிடிப்பாள்.

அந்தச் சத்தம் எந்த நாளில் அவரை விட்டுப் போனது என்று அவருக்கே தெரியாது. முதலில் கண்டுபிடித்தது மனைவி. துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து கத்திக்கொண்டிருக்கும். அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எழுந்திருக்கச் சோம்பல் என்று அவள் சில மாதம் திட்டினாள். பிறகு ஒருநாள் பேசாமல் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். பேச்சு கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் மட்டும் போய்விட்டன, ஏர் கன் காதோரம் அத்தனை வருடம் அலறியதில் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்றார் மருத்துவர். விரல்களையும் காட்டினாள். அவையும் அதே ஏர் கன்னின் அதிர்வில் மரத்துப்போயிருந்தன. காலையில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். சட்டைப் பொத்தானை அவள்தான் மாட்டிவிடுவாள்.

"இத்தனை வருஷம் நான் சொல்றது கேக்காத மாதிரி நடிச்சீங்க," என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். "நடிப்பு பலிச்சிடுச்சு."

இருவரும் சிரித்தார்கள். பட்டறையில் சொல்லிவிடச் சொன்னாள். சொல்கிறேன் என்றார்.

சொல்லவில்லை. பேச்சு கேட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டிக் சத்தம் காதுக்கும் வராமல் கைக்கும் வராமல் போனபோது அவருக்கு ஒரே பயம்தான்: நட்டு தளர்வாக நின்றுவிடக் கூடாது. ஆகவே ஒரு நம்பிக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தார். தளர்வாக விட்டவன் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம்தான் அது. வாழ்க்கை முழுக்க இருந்த அதே கவனம்.

வசந்தத்தில் ஒரு கேரவன் இரண்டு ஸ்டட் ஒடிந்து திரும்பி வந்தது. அடுத்த மாதம் இன்னொன்று. முதலாளி ஸ்டட் அனுப்பும் கம்பெனியைத் திட்டினார், வேறு கம்பெனிக்கு மாறினார். அதுவும் ஒடிந்தது. காலம் கெட்டுப்போச்சு, இரும்பிலும் கலப்படம் என்றார் முதலாளி. மரையண்ணன் தலையாட்டினார். ஒடிந்த துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கழுத்து மெலிந்து, மரைகள் இழுபட்டு விலகியிருந்தன. அதைக் கலப்பட இரும்பு என்று நம்பப் பார்த்தார். கொஞ்ச நாள் முடிந்தது.

மகளுக்கு வேலை கிடைத்தது அப்போதுதான். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. வேலை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலுத்து, பழைய கேரவன் ஒன்றை வாங்கி அதில் குடியிருக்க முடிவு செய்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். சக்கரத்தை நான் பார்க்கிறேன் என்றார் அப்பா. மகளுக்குப் பாடம் சொல்லித்தர, விண்ணப்பம் நிரப்பித்தர, யாரிடமாவது சிபாரிசு கேட்க அவருக்குத் தெரிந்ததில்லை. தெரிந்தது இது ஒன்று.

சனிக்கிழமை காலை பட்டறை வாசலில் வேலை நடந்தது. வெல்டர் மட்டும் வந்திருந்தார். பதினைந்து வருடம் பக்கத்து மேடையில் நிற்பவர். மகள் பழைய இடத்தில் குந்திக்கொண்டாள். மரையைத் தேய்த்தார், துடைத்தார், நட்டைச் சுற்றினார். ரெஞ்சை மாட்டி இழுக்கும்போது அவள் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அவள் உதடு அசையவில்லை. டிக் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று மேலும் இழுத்தார். பத்து நட்டுக்கும் அப்படித்தான்.

எண்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு தடவை இறுக்கிக்கொள், புது நட்டு கொஞ்சம் அடங்கும் என்றார். "சரிப்பா" என்றாள். கேரவன் முனை திரும்பும்வரை கையைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

வெல்டர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரெஞ்ச் டிக் டிக்னு போதும் போதும்னுச்சு. அதுக்கு மேலயும் கால் சுத்து இழுத்தீங்க. பத்துக்கும்."

"இப்பச் சொல்றியே."

"பொண்ணு முன்னாடி எப்படிண்ணே சொல்றது? அதுவும் உங்களுக்கு. நான் யாரு?"

அவர் மகளுக்கு ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கல்லாப்பெட்டி ஸ்டூலில் உட்கார்ந்தும் எழுந்தும், ஒரு மணி நேரம் அதே எண்ணை மரத்த விரலால் தப்புத் தப்பாக அழுத்தினார். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"ஓட்டாதே," என்றார் எடுத்ததும். "நிறுத்து. என்னால..."

"நிறுத்திட்டேன்பா. வழியில ஒரு டயர் கடையில இருக்கேன். மெதுவாத்தான் வந்தேன்." பின்னால் யாரோ ஏர் கன் ஓட்டுவது அவருக்கு மங்கலாகக் கேட்டது. "பத்து ஸ்டட்டையும் மாத்தச் சொல்லிட்டேன். கழட்டும்போதே ரெண்டு ஒடிஞ்சிடுச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு டிக் கேட்டுச்சுப்பா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்ல வாய் வரலை," என்றாள். "நீங்க என் வாயையே பாத்துக்கிட்டிருந்தீங்க. சொல்லியிருக்கணும். பத்து தடவையும் சொல்லணும்னு நினைச்சேன்." பிறகு, படித்த பிள்ளைக்கே வரும் அந்த நிதானத்தில் கேட்டாள்: "அப்பா, இதுக்கு முன்னாடி எத்தனை வண்டி?"

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்த அதே நேரத்தில் அவர் முதலாளியின் எதிரில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். காது, விரல், கால் சுற்று. முதலாளி நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. காதுக்கு நல்ல கருவி இருக்கிறதாமே என்று விசாரித்தார். டார்க் ரெஞ்சை வெல்டரிடம் கொடுக்கச் சொன்னார். மரையண்ணனை வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார், சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஆனால் வண்டிக்காரர்களுக்குச் சொல்லிவிட அவர் கேட்ட வேலைப் பதிவேட்டை மட்டும் தர மறுத்தார்.

"ஊரைக் கூப்பிட்டு நம்ம கூரையில நாமே தீ வைக்கணுமா? உடையறது உடைஞ்சா வரட்டும், மாத்திக் கொடுப்போம்."

"உடைஞ்சா வர முடியாதுங்களே."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிவேடு இல்லாமல் ஞாபகத்திலிருந்து பதினொரு பேரைத் தேற்றினார். அறுபதுக்கு மேல் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவி எண்களைத் தேடி எடுத்து அழுத்திக் கொடுத்தாள். நான்கு எண் உபயோகத்தில் இல்லை. மூன்று பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் ஒரு அம்மா, வண்டியைப் போன மாதமே விற்றுவிட்டதாகவும் வாங்கியவர் எந்த ஊர் என்று தெரியாது என்றும் சொன்னார். இரண்டு பேர், எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறோம் என்றார்கள். கடைசியாக எடுத்தவர், மூவாயிரம் கிலோமீட்டர் போய்வந்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார்.

"நல்லா இறுக்கியிருக்கேன்னு எவனாவது மன்னிப்பு கேப்பானா? யோவ், உனக்கென்ன மரை கழண்டு போச்சா?"

"ஆமாங்க," என்றார் மரையண்ணன். "நீங்க ஒரு தடவை பாத்திடுங்க."

ஃபோன் அதற்கு முன்பே வைக்கப்பட்டிருந்தது. பேச்சு அவருக்குக் கேட்கும். வைத்த சத்தம் கேட்காது. மனைவிதான் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இப்போது தண்ணீர்க் குழாயோடு நிற்கிறார். கேரவன் உள்ளே வரும்போதெல்லாம் சக்கரத்தின் பக்கம் குனிகிறார். தான் மாட்டிய சக்கரமா என்று மரையைப் பார்த்துச் சொல்ல முடியாது; ஸ்டட் நீண்டிருப்பது கழற்றாமல் தெரியாது. ஆனாலும் நட்டின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, ஏதோ சொல்லும் என்பதுபோல் காத்திருக்கிறார். இரும்பு சூடா குளிரா என்பதுகூட விரலுக்குத் தெரிவதில்லை. வண்டிக்காரர்கள் பின்னாலிருந்து ஹார்ன் அடிக்கிறார்கள். அது நன்றாகக் கேட்கிறது. எழுந்து வழி விடுகிறார்.