கையெழுத்துக்கு முன் ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்

நானும் ஸ்டெல்லாவும் ஒன்பது வருடம் ஒரே விமானக் கம்பெனியில் பணிப்பெண்கள். அதை வேறொரு கம்பெனியோடு இணைத்தபோது எல்லோரும் மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. முந்தின நாள் யூனியன் அக்கா ஒருத்தர் போன் செய்தார். "பயிற்சியில தப்பாயிட்டா அங்கேயே எதுலயும் கையெழுத்து போடாதீங்கம்மா. இன்னொரு வாய்ப்பு கேளுங்க. எங்களைக் கூப்பிடுங்க."

"இவங்களுக்குச் சண்டை போடலைன்னா தூக்கம் வராதுடி" என்று ஸ்டெல்லாவிடம் சிரித்தேன்.

அவசரக் கதவைத் திறக்கும் பயிற்சியில் நான் தேறிவிட்டேன். அவள் பழக்கதோஷத்தில் பழைய கம்பெனி முறைப்படியே திறந்துவிட்டாள். பயிற்சி அதிகாரிகள் அவளிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பேனாவோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யூனியன்ல கேட்டுக்கலாமாடி?"

"வெறும் பேப்பர்தான்டி. போட்டுட்டு வா, பசிக்குது."

விமானத்தை விட்டுத் தரைப்பணிக்கு மாறச் சம்மதம் என்று அதில் இருந்தது மறுவாரம்தான் தெரிந்தது. இப்போது அவள் கவுண்டரில் நிற்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

கம்பெனி கார் அம்பத்தூரில் என்னை ஏற்றிக்கொண்டு கொரட்டூர் ஸ்டேஷனைத் தாண்டும்போது, முன்பு அவள் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் டிரைவர் அண்ணன் இன்னமும் வண்டியை மெதுவாக்குகிறார். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. பக்கத்து சீட்டில் இருக்கும் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.