மச்சாள் பார்த்த சிங்கப்பூர்

"கனடாவுக்கு வந்து மூண்டு வருசம். பஸ் மாறிப் போகவே ஆளைக் கேக்கிறவள். சிங்கப்பூரிலை போய் என்னத்தைப் பாத்து விளங்கப்போறாள்?"

மச்சாள் இதை என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, தன் தம்பியிடம் சொன்னா. அந்தத் தம்பிதான் என் கணவர்.

மல்வேர்னில் அவவின் வீட்டு பேஸ்மென்றில் நாங்கள் இருந்தோம். வாடகை கொடுத்துத்தான் இருந்தோம். ஆனால் மேலே வந்து போகிறவர்களிடம் "தம்பியாக்களை நான்தான் வைச்சிருக்கிறன்" என்பா. என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சோதனை எழுதித் தேறியவள் நான். அதுவும் அவவுக்குப் பகிடி. தபாலில் எது வந்தாலும், "எங்கடை பண்டிதரிட்டைக் குடுங்கோ, வாசிச்சு விளக்கம் சொல்லுவா" என்பா. வேறு வீடு பார்ப்போம் என்று நான் கேட்கும்போதெல்லாம் இவரிடம் ஒரே பதில்தான். அக்காவுக்கு மனம் நோகுமாம்.

சிங்கப்பூர் மச்சாளின் சொத்து மாதிரி. சென்னைக்குப் போய் வரும் வழியில் தன் கணவரான அத்தானோடு நாலு நாள் தங்கிப் பார்த்தவவாம். வரவேற்பறையில், ஓர்க்கிட் பூக்களுக்கு நடுவே, மரப்பாலமும் செம்மஞ்சள் மீன்களும் உள்ள ஒரு சின்னக் குளத்தடியில் அவ நிற்கும் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தா. தாங்கள் நின்ற ஹோட்டலின் தோட்டம் என்று வருகிற எல்லோருக்கும் காட்டுவா.

கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் எங்கேயும் போனதில்லை. கடைசியில் போனோம். ரயில் வரைபடத்தை முதல் நாள் காலையிலேயே மனதில் ஏற்றிவிட்டேன். எங்கே ஏறி எங்கே மாறுவது என்று நான் சொல்ல, இவர் பின்னால் வந்தார். கேபிள் காரில் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு போனோம். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நிற்க, தலைக்கு மேலே சுறா நீந்தியது. அபாயம் என்று எச்சரிக்கும் பலகையில்கூடத் தமிழ் எழுதியிருந்தது. அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இவருக்கு ஒரு கடமை இருந்தது. அக்கா நின்ற அதே குளத்தடியில் நின்று படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஹோட்டலின் பெயர் மச்சாளுக்கு மறந்துபோச்சாம். வழியில் கண்ட ஹோட்டல்களில் நுழைந்து விசாரித்தோம். ஒரு தமிழ் டாக்சிக்காரர், அப்படி ஒன்றும் தனக்குத் தெரியாதே என்று தலையைச் சொறிந்தார். கடற்கரையில் கழிக்கலாம் என்று நான் எடுத்து வைத்திருந்த பின்னேரம் அந்தக் குளத்தைத் தேடுவதிலேயே போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பும் நாளில், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி உள்ளே போன பிறகு குளத்தைக் கண்டோம். விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் மண்டபத்தில், வாசனைப் போத்தல் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அதே ஓர்க்கிட், அதே மரப்பாலம், அதே செம்மஞ்சள் மீன்கள். மச்சாள் சிங்கப்பூருக்குள் காலே வைக்கவில்லை.

இவர் கமராவை வெளியே எடுக்கவில்லை. வீட்டில் போய் இந்தக் குளத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் சரி என்றேன். சொன்னபடியே குளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த அங்கிளும் அன்ரியும் மேல் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரோல்ஸும் தேத்தண்ணியும் நடந்தது. அன்ரி என்னிடம் சிங்கப்பூர் எப்படி என்று கேட்டா. நான் வாய் திறக்க முன் மச்சாள் பதில் சொல்லத் தொடங்கினா. கேபிள் கார் என்றேன், தாங்களும் போனதாகச் சொன்னா. சுறா என்றேன், தாங்கள் பார்த்தது இதைவிடப் பெரிது என்றா. அத்தான் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப கடலுக்கு நடுவிலை இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கும் போயிருப்பியள் மச்சாள், என்ன?" என்று கேட்டேன்.

"போகாமல்? படகிலை எல்லே கொண்டுபோறவை. அத்தான் தேங்காயும் உடைச்சவர்."

அங்கிள் பக்தர். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையார் எந்தத் திசை பார்த்திருக்கிறார் என்று கேட்டார். கிழக்கு என்றா மச்சாள். பூசை மூன்று வேளையும் உண்டாம். ஐயர் யாழ்ப்பாணத்து ஆளாம். நான் குறுக்கிடவில்லை. அவ போகிற தூரம் போகட்டும் என்று விட்டேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன்.

"நீங்கள் சொல்லுங்கோ. பிள்ளையார் கிழக்கையோ பாத்தவர்?"

இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் கதையை இழுத்து வந்தேன். அக்காவோ நானோ என்பது எனக்கு அன்றைக்கே தெரிய வேண்டியிருந்தது.

"அக்கா, அப்பிடி ஒரு கோயில் இல்லை," என்றார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் படத்திலை இருக்கிற குளமும் எயார்போட்டுக்குள்ளைதான் கிடக்கு."

அங்கிள் எழும்பி வந்து சுவரில் இருந்த படத்தைக் கிட்ட நின்று பார்த்தார். அன்ரி சிரிப்பை அடக்க ரோல்ஸைக் கடித்தா. மச்சாளின் முகம் கறுத்ததை நான் ஆறுதலாக இருந்து பார்த்தேன். பாவம் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

"என்ரை வீட்டுக்குக் கீழை இருந்துகொண்டு எனக்கே குழி வெட்டுறாய்," என்றா என்னைப் பார்த்து. "நாளைக்கு வெளியிலை போ எண்டால் எங்கை போவாய்?"

இவர் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் தனியாகப் போவதென்றே முடிவு எடுத்திருந்தேன். இரண்டு நாள் முன்னம் வேலையால் வரும்போது வோபர்னில் இறங்கி, ஏழாம் மாடியில் ஓர் அறை வீட்டை என் பெயரில் எடுத்து, கதவுத் திறப்பையும் வாங்கிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.