தம்பியின் கழுத்தும் மதிய மாத்திரையும்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், மலேசியாவில் பாகான் செராய் என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தம்பிக்கு ஒன்பது.

நாங்கள் இருந்தது ஈப்போவில், சிலிபின் பக்கம். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பட்டணத்துக்கு வந்த குடும்பம். அப்பா லோரி ஓட்டினார். அம்மாவுக்குத் துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை. நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு செருப்புக் கடையில் இருந்தேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அதனால் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் கடையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு நானும் போக வேண்டும். டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான்தான் வாய்.

தம்பி நடக்கப் பழகிய நாளிலிருந்தே ஓடினவன். வகுப்பில் நாற்காலியில் உட்காரமாட்டான். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் பக்கம் போய்விடுவான். அடி வாங்காத நாள் கிடையாது. கடைசியில் பள்ளியில் ஒரு டீச்சர்தான், அடித்துப் பயனில்லை, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னார். அங்கே இருந்தது ஒரு சீன லேடி டாக்டர். நிறைய கேள்வி கேட்டுவிட்டு, "ஹைப்பராக்டிவ்" என்றார். நான் அம்மாவிடம், "துறுதுறுப்பு அதிகமாம்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? இதச் சொல்லவா இவ்வளவு நேரம்?" என்றார் அம்மா.

மாத்திரை கொடுத்தார்கள். காலையில் பசியாறிய பிறகு ஒன்று, மதியம் ஒன்று. சாயங்காலம் ஆகிவிட்டால் கொடுக்கக்கூடாது, தூக்கம் கெடும் என்று டாக்டர் சொன்னதையும் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் மதியம் வீட்டில் யார் இருக்கிறோம்? பக்கத்து வீட்டு அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தோம். நல்ல மனுஷி. ஆனால் அவருக்கும் துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். ஞாபகம் வந்த நேரத்தில் கொடுப்பார். சில நாள் தம்பி பள்ளி விட்டு வந்த உடனே. சில நாள் வெயில் சாய்ந்த பிறகு. அந்த நாட்களில் இரவு முழுக்க அவன் பாயில் புரண்டுகொண்டே கிடப்பான்.

இருந்தாலும் மாத்திரை வேலை செய்தது. ஒருநாள் அவன் கட்டுரை ஒன்றை ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தான். முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் அவன் கையெழுத்து. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்புறம்தான் கழுத்து ஆரம்பித்தது.

முதலில் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டினான். தூசி என்று நினைத்தோம். பிறகு கழுத்தை வலப்பக்கம் வெடுக்கென்று ஒரு வெட்டு. சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே. "ஏன்டா இப்படிச் செய்ற?" என்று கேட்டால், "நான் செய்யலக்கா, அது தானா வருது" என்பான். செய்யாதே என்று சொன்னால் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவான். அப்புறம் சேர்த்து வைத்ததுபோல மடமடவென்று வரும்.

வீட்டில் இரண்டு கட்சி உருவானது. அப்பா காலையில் தம்பியைப் பள்ளியில் இறக்கிவிட்டு லோரி எடுக்கப் போனால், அவன் தூங்கின பிறகுதான் வருவார். அவர் பார்ப்பது காலையில் மட்டும். "மாத்திரை உள்ள போன உடனே வெட்ட ஆரம்பிச்சிடுறான். மாத்திரைதான் காரணம், நிப்பாட்டு லா" என்றார். அம்மா பார்ப்பது சாயங்காலம் மட்டும். "மாத்திரை வேகம் இறங்கும்போதுதான் வருது. இன்னும் ஒண்ணு குடுத்தா நின்னுடும்" என்றார். இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் யாரை நம்புவதென்று தெரியவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் தம்பியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "டிக்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? யோசித்துப் பார்த்து, "இழுப்பாம்மா" என்றேன். அம்மாவுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. தோட்டத்தில் இழுப்பு என்றால் நுரை தள்ளி விழுவது. அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். அந்த இழுப்பு இல்லை, இது தசை தானாக வெட்டுவது என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்க்கிறார், நீ என்ன சொன்னாய் என்று. அவருக்கு நான் என்னவென்று பதில் சொல்வது?

விடுமுறை வருகிறதல்லவா, அது முடியும்வரைக்கும் மாத்திரையை நிறுத்திப் பாருங்கள் என்றார் டாக்டர். வெட்டு நின்றுவிட்டால் மருந்தால் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், பள்ளி திறக்கும் முன் வந்து சொல்லுங்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல கணக்கு, எப்படியும் ஒரு விடை வந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த விடுமுறையில்தான் பாகான் செராயில் அத்தை மகளுக்குக் கல்யாணம். மாத்திரை நிறுத்திச் சில நாள் ஆகியிருந்தது. கழுத்து வெட்டு குறைந்தமாதிரி இருந்தது. அப்பா முகத்தில், நான் சொன்னேன் பார்த்தாயா என்ற களை. தைப்பிங்கில் பஸ் மாறிப் போய் இறங்கினோம்.

கோயில் மண்டபத்தில் கூட்டம். மேளம், ஒலிபெருக்கி, சொந்தக்காரர்கள். தம்பிக்குக் கழுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தது. முன்னைவிட மோசம். கண், மூக்கு, தோள் எல்லாம் சேர்ந்துகொண்டது. பெரியத்தை ஒருத்தர், "என்னாச்சி இவனுக்கு? கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்றார். பையன்கள் இரண்டு பேர் அவனைப்போலவே கழுத்தை வெட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அம்மா அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

தாலி கட்டி, பந்தி போட்டார்கள். அந்தக் களேபரத்தில் அம்மா கையை எடுத்த நேரம், தம்பி இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். நடுவில் தண்ணீர் பாய்ச்சும் பெரிய வாய்க்கால், பிள்ளையை மூடும் ஆழம். தம்பிக்கு நீச்சல் தெரியாது. அம்மா பட்டுச் சேலையோடு வரப்பில் ஓடினார். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினால் வாத்தியச் சத்தத்தில் எங்களுக்கே கேட்கவில்லை. அப்பா சட்டையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று, காலால் அடியைத் தடவிக்கொண்டே நடந்தார். அதைப் பார்த்தபோதுதான் அவன் உள்ளே கிடக்கலாம் என்பது எனக்கு உறைத்தது. மாத்திரை கொடுத்திருந்தால் ஓடியிருக்க மாட்டானே என்று ஒரு நினைப்பு. மாத்திரையால்தானே இவ்வளவும் என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

தூரத்தில் நெல் அறுக்கும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவரிடம் கேட்கலாம் என்று நான் அந்தப் பக்கம் போனேன். கிட்டே போனதும் அப்படியே நின்றுவிட்டேன்.

மேலே, ஓட்டுநர் பக்கத்தில், தம்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் தொடையில். கண் கீழே, கதிர் உள்ளே இழுபட்டுப் போகிற இடத்தில். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆடவில்லை, அசையவில்லை. நான் கூப்பிடாமல் அவன் கழுத்தையே பார்த்தேன். மெஷின் வயலின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. அதுவரைக்கும் ஒரு வெட்டுகூட இல்லை. கண்ணைச் சாதாரணமாகச் சிமிட்டினான், உங்களையும் என்னையும்போல.

மாத்திரை இல்லை. கழுத்து வெட்டும் இல்லை. ஓட்டமும் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர், நடுத்தர வயசு. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "உன் தம்பியா? வரப்பில தனியா நின்னான். வாய்க்கால் பக்கம் விடப் பயமா இருந்திச்சி, அதான் மேல ஏத்திக்கிட்டேன். இந்தப் பாத்தி முடிஞ்சதும் நானே கொண்டுவந்து விடலாம்னு இருந்தேன்" என்று மலாயில் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாய்க் புடாக், டுடோக் டியாம்" என்றார். நல்ல பிள்ளை, ஆடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். தம்பியைப் பற்றி அப்படி ஒரு பேச்சை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

கீழே இறங்கி வந்ததும் அம்மா அவனை ஓர் அறை அறைந்துவிட்டு, அதே கையால் கட்டிக்கொண்டார். அப்பா சேறும் தண்ணீருமாக வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான், தம்பியின் கழுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் இருந்தான். ஜன்னலுக்கு வெளியே போகும் வயலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, மாத்திர சாப்பிட்டாலும் இது வருது, சாப்பிடாட்டியும் வருது. நான் என்னதான் செய்றது?" என்று கேட்டான். அவன் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். தூங்கின பிறகு கழுத்து சும்மா இருந்தது.

பள்ளி திறக்கும் முன் டாக்டரிடம் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் குறைந்தது, கல்யாணத்தில் கூடியது, மெஷினில் நின்றது, அறை வாங்கிய பிறகு திரும்ப வந்தது. பக்கத்து வீட்டு அக்கா நேரம் தப்பிக் கொடுத்ததையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மாத்திரையாலயா, இல்லையா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லச் சொல்லுடி."

நான் கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்றார். மருந்தாலும் இருக்கலாம். மருந்தே சாப்பிடாத பிள்ளைகளுக்கும் இது வரும், போகும், இடம் மாறும். மனசு பதறினால் கூடும், ஒன்றில் முழுசாக மூழ்கிவிட்டால் அடங்கும். இவனுக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பஸ் ஏறி, ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மருந்தால்தான் என்றோ, மருந்தால் இல்லை என்றோ நானே ஒன்றைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக வீட்டுக்கு வருவார். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு, "டாக்டருக்கும் தெரியலையாம்மா" என்றேன்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இவ்வளவு படிச்சவங்களுக்கே தெரியலன்னா, எம்புள்ள வேணும்னு செய்யல. அவன் சொன்னது நெசம்" என்றார். தம்பி சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அத்தனை மாதத்தில் அவனை நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை.

டாக்டர் அளவைக் குறைத்தார். மதிய மாத்திரையைப் பள்ளியிலேயே, ஓய்வு நேரத்தில் சாப்பிட்டவுடன் கொடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்ன அந்த டீச்சரே தினமும் கூப்பிட்டுக் கொடுத்தார். கழுத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது, செய்யாதே என்று சொல்லக்கூடாது என்றார் டாக்டர். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அப்பா அவன் கழுத்து வெட்டும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

தம்பி இரவில் தூங்கினான். பள்ளியில் சுமாராகப் படித்தான். கழுத்து வெட்டு மூக்குக்குப் போனது, அப்புறம் தொண்டைச் செருமலானது, சில மாதம் காணாமல் போனது, திரும்ப வந்தது. இடைநிலைப் பள்ளியில் மாத்திரையை நிறுத்தினார்கள். அதன் பிறகும் கொஞ்ச காலம் இருந்தது, பிறகு எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை. இப்போது அவன் ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்க்கிறான், மூன்று பிள்ளைகளுக்கு அப்பன். ரொம்பக் களைத்த நாளில் கண்ணை ஒருமுறை இறுக்கிச் சிமிட்டுவான். அவன் மனைவி அதைப் பார்த்தால், "போய்ப் படுங்க" என்பாள், அவ்வளவுதான்.

அது மருந்தால் வந்ததா, அவனோடு பிறந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் யாராவது தங்கள் பிள்ளையைக் காட்டி, இது ஏன் இப்படிச் செய்கிறது என்று என்னிடம் கேட்டால், தெரியவில்லையே, முதலில் பிள்ளை சொல்வதை நம்புங்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருப்பதில்லை.