செவலையிடம் அப்பா பேசியது

எங்கள் அப்பா வீட்டில் பேசியது எல்லாம் ஒரே ஒரு 'ம்'தான். சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்'. குழம்பு எப்படி என்று கேட்டாலும் 'ம்'. அது நல்ல 'ம்'மா கெட்ட 'ம்'மா என்று அம்மாதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். "இந்தச் சுண்ணாம்பு மலைகூட கூப்பிட்டா எதிர்க்குரல் குடுக்குது, இந்த மனுசன் குடுக்க மாட்றாரு" என்று குனோங் ராபாட் மலையைக் காட்டி அம்மா அலுத்துக்கொள்வாள்.

அப்பா ஒரு காலத்தில் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். எனக்கு நினைவு தெரியும் முன்பே அதை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து, மலையடிவாரத்தில் மாடு வளர்க்க ஆரம்பித்தார். நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. கொட்டகையில் அப்போது நாலு மாடுகள். கறப்பது அப்பா. அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டில் கழுவுவது அம்மா. கன்றைப் பிடிப்பது நான். கன்று கொஞ்சம் ஊட்டினால்தான் மாடு பாலை இறக்கும்; பிறகு அதை இழுத்துத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து வயதுப் பெண்ணான எனக்கு அந்த வேலையில் இருந்த கர்வம் சொல்லி மாளாது.

ஒருநாள் பால் கொண்டுபோன அப்பா, மழைச் சகதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காலைக் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கவைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடவில்லை. அம்மா மட்டும் போய் வந்து "நல்லாத்தான் இருக்காரு" என்பாள். அதற்குமேல் கேட்டால் எரிந்து விழுவாள்.

மூன்று மாடுகள் அம்மாவின் கைக்குப் பால் கொடுத்தன. செவலை மட்டும் கொடுக்கவில்லை. கன்று போட்டுக் கொஞ்ச நாளே ஆன மாடு. மடி பானையாக வீங்கியும் பாலை அடக்கிக்கொண்டு நின்றது. பால் தங்கிவிட்டால் மடி கல்லாகிக் காய்ச்சல் வந்துவிடும். அப்புறம் மாடு பிழைப்பதே கஷ்டம்.

ஒத்தாசைக்குச் சிலிம் ரிவரிலிருந்து அம்மாவின் தம்பி வந்திருந்தார். மாமாவுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. "மாட்டுக்கு வாசனைதான்க்கா முக்கியம். மச்சானோட சட்டையப் போட்டா தானா குடுக்கும்லா" என்று அப்பாவின் சட்டையையும் கைலியையும் மாட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். செவலை விட்ட உதையில் வாளி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். "இது மாடில்லக்கா, போலீசு!" என்று எழுந்து போனவர், அப்புறம் பாட்டில் பாலை வீடு வீடாகப் போடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மா அதே சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். செவலை உதைக்கவில்லை. பாலும் விடவில்லை. அம்மா மடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, சுடுதே! அவரு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"நீ பேசவே மாட்ற, அதான்" என்றேன்.

"மாட்டுக்கிட்ட என்னாடி பேசுறது?"

"அப்பா பேசிக்கிட்டேதான் கறப்பாரு."

"யாரு, உங்கப்பாவா?"

அம்மா நம்பவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தினமும் கேட்பதில் கடைசியாகக் கேட்டதை அப்படியே ஒப்பித்தேன்.

"'நில்லு தாயி. நேத்து அவ வச்ச நெத்திலிக் கொழம்பு இருக்கே, அமிர்தம். சொல்லணும்னுதான் நெனச்சேன், வாய் வரல. ராத்திரி பூரா அவளுக்கு முதுகு வலி, பொரண்டு பொரண்டு படுத்தா. ஒன்ன வாங்குறதுக்குக் காதுல கெடந்தத கழட்டிக் குடுத்தவ தாயி அவ. இன்னும் வெறுங்காதோட நிக்கிறா. அவளுக்காகவாச்சும் நல்லாக் குடு.' இப்படித்தாம்மா சொல்லுவாரு."



"பேசும்மா, கன்னு இழுக்குது!" என்று அதட்டினேன்.

"நில்லு தாயி... நேத்து அவ வச்ச..." குரல் கீச்சென்று வந்தது.

"அப்படி இல்ல, அப்பா மாதிரி கனமா!"

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அவளுக்கு முதுகு வலி என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். செவலை ஒரு காதை அம்மா பக்கம் திருப்பியது. கொஞ்ச நேரத்தில் வாளிக்குள் பால் சர்ரென்று இறங்கியது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவோ மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதாள். மாடு பிழைத்ததற்கு யாராவது அழுவார்களா?

அடுத்த நாளும் உட்கார்ந்ததும், "உங்கப்பா என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள். சொன்னேன். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அதற்குள் செவலை பழகிப்போய், அம்மா கை வைத்ததுமே பால் விட ஆரம்பித்திருந்தது. அம்மா விடவில்லை. "மறந்து போச்சுடி, இன்னொரு தடவ சொல்லேன்" என்பாள். நாலு வரி! பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் ஒப்பிப்பவள் நான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் பாவம், அம்மாவுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் குறைவு, இதை வெளியில் சொல்லி அவளைக் கேவலப்படுத்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, அப்பா வீட்டுக்கு வரும்வரை ஒவ்வொரு காலையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.