பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

நான் எழுதிய நிரல் மாற்றம் கெர்னலில் ஏறிய அன்று பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் பாஸ் இருந்தார், என் சீனியர் இருந்தார், கணக்கு பார்க்கும் அக்கா இருந்தார். வாழையிலைச் சாப்பாடு வரவழைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். நான் இல்லை. கிள்ளானில் ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் சர்வரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அன்று காலைதான் சீனியர் அனுப்பியிருந்தார்.

வேறொரு கட்டிடத்தில் இருக்கும் சேமிப்பு வட்டைத் தன் சொந்த வட்டு என்றே ஒரு கணினி நம்ப வேண்டும். அதற்கான தகவல்தொடர்பு நெறிமுறையை இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலுக்குள் சேர்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பதினான்கு மாதம். இணைப்பு அறுந்து திரும்பும்போது பாதியில் நின்ற கோரிக்கைகள் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்கே ஐந்து மாதம் போனது. உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ளும் கெர்னல் அது. உள்ளே போகும் ஒவ்வொரு மாற்றத்தின் தலையிலும் எழுதியவர் பெயர் நிற்கும்.

அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் பெயர், பிறகு ‘இன்னாரின் மகன்’ என்பதற்கு ‘ஏ/எல்’, பிறகு அவர் பெயர்; எங்கள் அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கும். “உங்க பேரும் உள்ள போகும்பா” என்று சொல்லியிருந்தேன். லோரி யார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மாற்றத்தை அனுப்பும் நாளன்று சீனியர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, உன் பேருல ஸ்லாஷ் இருக்கு லா. அனுப்பற டூல் அத ஃபோல்டர்னு நெனச்சுக்கும். உடைஞ்சிரும்.”

“அப்ப என்ன அண்ணே செய்யறது?”

“என் பேர்ல போகட்டும். ஏறினப்புறம் மாத்திக்கலாம்.”

நம்பினேன். வங்கிப் படிவம், விமான டிக்கெட் என்று எத்தனையோ இடத்தில் அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

கிடங்கில், பெட்டி அடுக்குகளுக்கு நடுவே நின்று கைப்பேசியில் பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் சீனியர். கீழே, சோதித்தவர் என்ற வரியில் நான். சாய்கோட்டோடு, அப்பா பெயரோடு, ஓர் எழுத்தும் உடையாமல்.

மறுநாள் கேட்டேன். “ஸ்லாஷ் ஏறியிருக்கே அண்ணே?”

“ஏறிருச்சு. நல்லதுதானே.”

“மாத்திக்கலாம்னு சொன்னீங்க.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏறினத எப்படிடா மாத்தறது? இத மாத்தினா இதுக்குப் பின்னாடி ஏறின அத்தனையோட அடையாள நம்பரும் மாறும். உனக்குத் தெரியாததா?”

தெரியும். மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன அன்றும் தெரியும். நான் அண்ணே என்று கூப்பிடும் மனிதர் சொல்கிறாரே, ஏதாவது வழி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

பாஸிடம் போனேன். “கம்பெனி பேரு வந்திருச்சு லா. யாரு எழுதினா என்ன?” என்றார்.

வீட்டில் அப்பா, “எங்க, காட்டு” என்று கையை நீட்டினார். ஆங்கிலத்தில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதை விரலால் தொட்டார்.

“இருக்கேடா.”

“அது ஓட்டிப் பாத்தவன் பேருப்பா. செஞ்சவன் பேரு மேல இருக்கு.”

விரலை எடுத்துக்கொண்டார். “செஞ்சது என் மவன்னு யார்டுல சொல்லிட்டேனே. இப்ப நான் பொய்யனா?”

அந்த வாரமே விலகல் கடிதம் கொடுத்தேன். நோட்டீஸ் காலம் முழுக்க அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார என்னால் முடியாது என்றேன். அப்படியென்றால் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்றார் பாஸ். வேலை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. என்னிடம் பாதிதான் தேறியது. மீதியை அப்பா கொண்டுவந்தார். கணக்கு அக்கா என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு முறை எண்ணினார்: நாலாயிரத்து இருநூறு ரிங்கிட்.