பொட்டிப்புரத்து மலைக்குள் ஒரு கப்பல்

நான் பயந்தாங்கொள்ளி. கரப்பான் பூச்சிக்கும் போலீஸ் ஜீப்புக்கும் ஒரே அளவு பயப்படுகிறவள். நான் வரைந்த படத்தைப் பார்த்து இன்னொரு மனிதர் பயந்துபோனார் என்றால், என் வீட்டில் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்கள்.

சின்னமனூரில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் பிளான் வரைவது என் வேலை. வேலை இல்லாத நேரத்தில் விண்கப்பல் வரைவேன். நான் பிறப்பதற்கு முன்னாலேயே எடுத்து முடித்த ஓர் ஆங்கில விண்வெளித் தொடர்மேல் எனக்குப் பைத்தியம். அதில் வரும் கப்பல்கள் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். அவற்றுக்கு நூறு வருடம் முந்தைய கப்பல்கள் எப்படி இருந்திருக்கும் என்று தொடரில் காட்டவே இல்லை. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்ற ரசிகர்கள் இணையத்தில் கூடி வரைந்து தள்ளுகிறோம். எங்களுக்குள் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பழைய கப்பல், தொடரில் வரும் கப்பலைவிட எதிலும் உசத்தியாக இருக்கக் கூடாது. பாட்டன் பேரனைவிட வேகமாக ஓடினால் கதை கெட்டுவிடும். அதனால் என் கப்பல்களில் ரிவிட் ஆணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். இன்ஜினுக்குப் போகும் குழாய்களை லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்து வரைந்தேன்.

முதன்முதல் கப்பலை எங்கே வைத்துக் கட்டியிருப்பார்கள்? எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து பூமிக்கடியில் ஓர் ஆய்வகம் வரும் என்று எங்கள் பக்கம் பல வருடங்களாகப் பேச்சு. வரும் என்பார்கள், வராது என்பார்கள். கிணறு வற்றிவிடும் என்று ஒருவர், ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர். நான் என் பங்குக்கு அந்த மலைக்குள் என் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த ஊர்க்காரர் ஒருவரின் வீட்டுக்காக ஆபீஸில் எடுத்திருந்த, மூலையில் ஆபீஸ் பேரும் ஊர்ப் பேரும் போட்ட சர்வே படத்தையே அடியில் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது நெருப்பைக் கக்குமே என்று மலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இழுத்து, ‘மக்களை அப்புறப்படுத்திய பகுதி’ என்று எழுதினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுப் பிளானில் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவோம். கப்பலில் மட்டும் நான் தமிழில்தான் எழுதுவேன். அணு உலை, சுரங்க வாசல், எரிபொருள் கிடங்கு. அது எனக்கு ஒரு பிடிவாதம்.

அந்த ஊர்க்காரரின் வீட்டுப் பிளானையும் என் கப்பலையும் சேர்த்தே ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் அச்செடுக்கக் கொடுத்தேன். அந்தக் கடையில் ஒரு வழக்கம். தாளின் மூலைப் பெட்டியில் என்ன ஊர் போட்டிருக்கிறதோ, அந்த ஊர்த் தாள்களை ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, உரியவர் வந்தால் கொடுத்துவிடுவார்கள். பொட்டிப்புரம் என்று இரண்டு தாளிலும் இருந்தது. வீடு கட்டப்போகிற அந்த வீட்டுக்காரர் வந்தார். வீட்டோடு என் கப்பலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரும் அவர் மச்சினரும் ஆபீஸுக்கு வந்தார்கள். இன்ஜினியர் சைட்டுக்குப் போயிருந்தார், நான் தனியாக இருந்தேன். மேசையில் அந்தச் சுருளை விரித்தார்கள். பாதி விரியும்போதே என் கப்பலின் மூக்கு தெரிந்தது.

“அணு உலைன்னு எழுதிருக்கு. சுரங்கம்னு எழுதிருக்கு. மூலைல ஒங்க ஆபீஸ் பேரு, எங்க ஊரு பேரு. யாரு வரையச் சொன்னாக?” என்றார் மச்சினர்.

“யாரும் சொல்லலண்ணே. நானாத்தான்…”

“மலையக் கொடையிறதுக்கு நீயா பிளான் போடுவியாக்கும்?”

“இது கப்பல்ண்ணே.”

“கப்பலு! தண்ணிக்கே வழியில்லாத ஊர்ல மலைக்குள்ள கப்பலு!” அவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். “போட்டோ எடுத்துட்டேன். ஊரு குரூப்ல போட்டா சாயங்காலத்துக்குள்ள இங்கன எத்தன பேரு வருவாகன்னு பாக்கியா?”

வாசலில் டிராக்டர்கள் வந்து நிற்பதுபோலவும் கண்ணாடிக் கதவு நொறுங்குவதுபோலவும் மனசுக்குள் ஓடியது. பின்கட்டில் கதவு இல்லையே என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்காரர் குனிந்து தாளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலை வைத்தார்.

“இந்தா, இது நம்ம கெணறு. இதுக்கு மேக்க நம்ம மனை. வட்டத்துக்குள்ள வருது” என்றார். “வெள்ளிக்கெழம பூமி பூசை வச்சிருக்கேன். கல்லு மணலு எறக்கியாச்சு. வீடு போடவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு தாயி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டைக்கு வரவில்லை இந்த மனிதர். எனக்கு அவர்கள்மேல் இருந்த பயத்தைவிடப் பெரிய பயம் அவருக்கு என் படத்தின்மேல் இருந்தது. தனியாக வரப் பயந்துதான் மச்சினரைக் கூட்டி வந்திருக்கிறார்.

“போடுங்கய்யா. கண்டிப்பாப் போடுங்க” என்று உளறினேன். கம்ப்யூட்டரைத் திருப்பி, நான் வரைந்த கப்பல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சுழற்றிக் காட்டினேன். தொடரிலிருந்து ஒரு துண்டையும் ஓடவிட்டேன். மச்சினர் செல்போனைத் தாழ்த்தினார். “மச்சான், இது சினிமா ராக்கெட்டு. இந்தப் பிள்ளைக்கு வேற சோலியில்ல” என்றார். அந்த ஏச்சைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. அவர் கட்டைவிரலால் அழுத்தி போட்டோவையும் அழித்தார்.

வீட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. “கதைன்னே இருக்கட்டும். அந்த வட்டத்த எடு” என்றார்.

அவர் கண் முன்னாலேயே வட்டத்தை அழித்தேன்.

“போயிருச்சா?”

“போயிருச்சுங்கய்யா.”

“திரும்ப வராதுல்ல?”

ஒரு பட்டனைத் தட்டினால் திரும்ப வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஃபைலைச் சேமித்து மூடினேன். “வராதுங்கய்யா” என்றேன். அவர் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. இப்போது சுவர் எழும்பி மேல்தளம் போட்டாகிவிட்டது. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் முதலில் அந்த வீட்டைத்தான் தேடுகிறேன். என் வட்டத்தை நான் எடுத்துவிட்டேன். வேறு எந்த ஊரில், யாருடைய மேசையில், இன்னொரு வட்டம் இருக்கிறதோ தெரியாது. இந்தப் பயம் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, போகவே மாட்டேன் என்கிறது.

கப்பலை இணையத்தில் போட்டபோது ரசிகர்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய முதல் கப்பல் உண்மையானால், தொடரில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, ஏன்? வரைந்தவள் பதில் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அது கிளம்பவே இல்லை. மலையடியில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.