மூன்றாம் நாள் எந்த நாள்

ஓய்வு பெற்றவனிடம் தெருவார் இரண்டு காரணங்களுக்காக வருவார்கள். விண்ணப்பம் நிரப்ப, நிரப்பிய விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று கேட்க. தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் எங்கள் அடுத்த வீட்டு நோயாளி அம்மாவைப் பராமரித்துவந்த பெண் முதலாவது காரணத்துக்காக வந்தாள். இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலை. பொலிஸ் சான்றிதழ், மருத்துவச் சோதனை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, இவற்றுக்கு எந்த யன்னலில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மிஞ்சியது ஹீப்ரு மொழி. அதற்கு யன்னல் இல்லை.

அவள் ஃபோனைப் பார்த்து என் சாப்பாட்டு மேசையில் எண்களைப் பாடமாக்கினாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் கூடவே நானும் படித்தேன்.

"சார், ஆம்பளப் பேருக்கு ஒரு மூணு, பொம்பளப் பேருக்கு இன்னொரு மூணாம்."

"எண்ணுக்குமா?"

"ஆமா சார். நம்ம ஊரு கியூ மாதிரி, தனித்தனியா."

பத்து என்பது எசெர். இருபது எஸ்ரீம். முப்பது மூன்றிலிருந்தும் நாற்பது நான்கிலிருந்தும் ஒழுங்காகப் பிறக்க, இருபது மட்டும் இரண்டைக் கைவிட்டுப் பத்தின் பன்மையாக நிற்கிறது. குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நமது தொண்ணூறும் ஒன்பதோடு நிற்காமல் நூறோடு உறவு கொண்டாடுகிறது. 'முதலாவது' என்பதை அவர்கள் ஒன்றிலிருந்து எடுக்கவில்லை. தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் தலைக்கும் ஒன்றுக்கும் தொடர்பில்லை என்பதை நான் நேரில் கண்டவன்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குக் குரல் செய்தி வந்தது. பராமரிக்க வேண்டிய கிழவியின் மகள் ஆங்கிலத்தில் பேசியிருந்தாள், கிழமையை மட்டும் ஹீப்ருவில் சொல்லி. 'யோம் ஷ்லிஷி', அதாவது மூன்றாம் நாள், நம் நேரம் பின்னேரம் நாலரைக்கு வீடியோவில் அழைப்பார்கள். இன்னும் சிலரையும் பார்க்கிறார்கள். அன்றைக்கே ஒருவரைத் தெரிவு செய்துவிடுவார்கள். தவறினால் வேலை கைவிட்டுப் போகும்.

அங்கே கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் இல்லை, எண்கள்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் விரல் மடக்கினாள். "தோட்டத்துல திங்கக்கெழம காலையிலதான் சார் வாரத்துக்கு மொதப் பிரட்டு, பேர் கூப்புடுவாங்க. அப்ப திங்க ஒண்ணு, செவ்வா ரெண்டு, புதன் மூணு."

உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் திங்கட்கிழமையைச் சபித்தே வாரத்தைத் தொடங்கிய எனக்கும் அது சரியாகவே பட்டது. புதன் என்று முடிவானது. ஆகவே செவ்வாய்க்கிழமை, மறுநாள் நல்லபடி நடக்க வேண்டிக்கொள்ள அவள் அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் கெலிஓயாவிலிருந்து என் நண்பர் வந்தார். என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காஸாச் செய்திகளுக்குப் பிறகு அந்த நாட்டின் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. ஆனால் சிறுவயதில் ஓதிய அரபு அவரைச் சும்மா இருக்க விடாது. அவள் எனக்கு அனுப்பிவைத்திருந்த செய்தியைப் போட்டுக் காட்டினேன்.

"ஷ்லிஷியா? நாங்க ஸலாஸா எண்டு செல்ற மூணுதானே. அண்ணன் தம்பிச் சொல்லு."

"அதுதான். புதன்கிழமை."

"புதனா? என்ன மனுசன் நீங்க! எங்கட கணக்குல ஞாயிறுதான் ஒண்டு. திங்கள் ரெண்டு. மூணு செவ்வாய். அவங்களுக்கும் அப்பிடித்தான் ஈக்கும். அது இண்டைக்கி!"

மணி நாலைத் தாண்டியிருந்தது. அவளுடைய ஃபோன் அணைந்திருந்தது. கோயிலில் இருப்பவள் வேறென்ன செய்வாள்? முச்சக்கரவண்டியை மறித்தேன். நண்பர் செருப்பைக் கொழுவிக்கொண்டே முணுமுணுத்தார். "அந்த நாட்டுக்கு ஆள் அனுப்ப நானா ஓடுற?" ஆனால் எனக்கு முன்னால் ஏறியது அவர்தான்.

கோயில் நிறைந்திருந்தது. சிலைக்கு முன்னால் வரிசையில் நின்றவளைக் கண்டு, விவரத்தைக் காதில் சொன்னேன். அவள் வரிசையை விட்டு விலகினாள். முற்றத்துக்கு ஓடிவந்து ஃபோனை உயிர்ப்பித்தாள். சற்று நேரத்தில் அது மணியடித்தது.

மகள் பேசினாள், பிறகு கட்டிலில் இருந்த தாயைக் காட்டினாள். கிழவி ஏதோ கேட்டாள். இவள் தன் பிள்ளைகளின் வயதை ஹீப்ருவில் சொன்னாள், ஆண் எண்ணா பெண் எண்ணா என்று தடுமாறித் திருத்தி மறுபடியும் சொன்னாள். கிழவி திரைக்கு மிக அருகே வந்து அவளை உற்றுப் பார்த்தாள். நண்பர் முழு நேரமும் மதிலைப் பார்த்தபடி நின்றார், படத்தில் விழாமல்.

வேலை அவளுக்குத்தான் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், நீங்க இல்லேன்னா..."

"சரி, சரி. அங்க போய் சனிக்கிழமய ஏழு எண்டு எண்ணிராதீங்க. அதுக்கு மட்டும் நம்பர் இல்ல, பேர் ஈக்கி. எங்கட அரபுலயும் சனிக்கிப் பேர்தான். அது அவங்கட ஓய்வு நாள்."

"அப்ப அன்னிக்கு எனக்கும் லீவா பாய்?"

"கெழவிக்கு லீவு. ஒங்களுக்கு யாரு தாற?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் விட்ட இடம் போய்விட்டது. கடைசியில் போய் நின்றுகொண்டாள்.